மல்லாட்டை எண்ணெய் பாட்டில் சமையலறையில் உடைந்து கிடக்கிறது, எதிலிருந்து ஆரம்பிப்பது?

காட்பாடி மருமகள்:

வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். செக்கில் ஆட்டிய மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய், 1 லிட்டர் கண்ணாடி பாட்டில், மேல்தட்டிலிருந்து விழுந்து நொறுங்கிவிட்டது. தரை வெள்ளை டைல்ஸ். எண்ணெய் ஃப்ரிட்ஜுக்கு அடியிலும் சிலிண்டர் ஸ்டாண்டுக்கு அடியிலும் ஓடியிருக்கிறது. பெரிய துண்டுகள் கண்ணுக்குத் தெரிகின்றன, சின்னச் சில்லுகள் எங்கே என்றே தெரியவில்லை.

வீட்டில் தவழுகிற குழந்தை இருக்கிறது. மாமியாருக்குச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு, வீட்டுக்குள் செருப்பே போட மாட்டார். இப்போதைக்கு சமையலறைக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். மதியம் வேலைக்கு வரும் அக்கா வழக்கம்போல் துணியை நனைத்துத் துடைப்பார், அதற்குள் எனக்கு வழி தெரிய வேண்டும்.

முதலில் பெருக்குவதா, எண்ணெயைத் துடைப்பதா? வாக்குவம் கிளீனர் இருக்கிறது, போடலாமா? எண்ணெயை வடிகட்டி விளக்குக்காவது வைத்துக்கொள்ளலாமா? மனசு கேட்கவில்லை, அதனால் கேட்கிறேன்.

---

பாலாற்றங்கரை:

கதவைச் சாத்தியது சரி. அப்படியே இருக்கட்டும், அவசரமே இல்லை. அரை மணி நேரம் கிடந்தால் எண்ணெய் கெடுதல் செய்யாது, சில்லும் நடந்து போகாது.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வடிகட்ட வேண்டாம், விளக்குக்கும் வேண்டாம். துணியில் வடிகட்டினால் கண்ணுக்குத் தெரிகிற துண்டு நிற்கும், ஊசிபோன்ற சீவல் நெய்தல் இடுக்கில் நுழைந்து போய்விடும். திரியை விரலால்தானே தூண்டுகிறோம்? போனது போகட்டும்.

சில்லு ஏன் தெரியவில்லை என்றால், கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, கடலை எண்ணெயுடையது சுமார் 1.47. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, அதனால் எண்ணெயில் மூழ்கிய கண்ணாடிக்கு விளிம்பே தெரியாது. தண்ணீர் 1.33 என்பதால் தண்ணீரில் கிடக்கும் சில்லு ஓரளவு கண்ணில் படும். எண்ணெய் போகிற வரைக்கும் உங்கள் கண்ணை நம்பாதீர்கள். எண்ணெய் இருக்கிற இடமெல்லாம் கண்ணாடி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்குவம் வேண்டவே வேண்டாம். எண்ணெய் மோட்டாருக்குப் போகும், சில்லு பையையும் குழாயையும் கிழிக்கும். ஈரத் துணியும் கூடாது. துணியில் ஏறிய சில்லு தரையில் யாரையும் குத்தாது, பிழிகிற கையைத்தான் குத்தும். வேலைக்கு வரும் அக்காவுக்கு இப்போதே போன் செய்து, இன்றைக்கு சமையலறைப் பக்கம் துணியே தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

போடவேண்டியது மூடிய ஷூ. சமையலறையில் செருப்பா என்று மாமியார் கேட்டால், இன்றைக்கு மட்டும் என்று சொல்லுங்கள். ஹவாய் செருப்பின் மெல்லிய ரப்பரை நீளமான சில்லு துளைத்துவிடும், அதோடு எண்ணெயில் வழுக்கவும் செய்யும். கைக்கு வெல்டிங் பட்டறையில் போடுகிற தோல் கையுறை இருந்தால் நல்லது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை எண்ணெயைத் தடுக்கும், கண்ணாடியைத் தடுக்காது.

எண்ணெயை உறிஞ்ச முதலில் மாவு தூவ வேண்டும். ஃபேனை நிறுத்துங்கள், மாவு பறக்கும். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குங்கள், ஆனால் எண்ணெயில் நின்று பிடுங்க வேண்டாம். வாசலிலிருந்தே மாவு தூவிக்கொண்டு உள்ளே போங்கள், தூவின இடத்தில் மட்டும் கால் வையுங்கள்.

மாவு என்றது எந்த மாவானாலும் சரி. வண்டு விழுந்த கோதுமை மாவு, ரேஷன் அரிசி மாவு, பழைய கடலை மாவு. 1 லிட்டர் எண்ணெய்க்கு ஒன்றரைக் கிலோ மாவாவது பிடிக்கும். மரப்பட்டறைத் தூள் கிடைத்தால் அது இன்னும் நன்றாக உறிஞ்சும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தூவுங்கள், நடுவில் கொட்டினால் எண்ணெய் வெளியே தள்ளப்பட்டு இன்னும் பரவும். பத்து நிமிடம் விடுங்கள். மினுமினுப்பு தெரிகிற இடத்தில் மறுபடி தூவுங்கள். கடைசியில் புட்டு மாவுபோல் உதிரியாக வரவேண்டும். களியாக இருந்தால் மாவு போதவில்லை என்று அர்த்தம்.

பெரிய துண்டுகளை மாவு தூவிய பிறகு எடுத்தால் வழுக்காது. எண்ணெய்க் கண்ணாடியை எடுக்கும்போதுதான் பெரும்பாலும் கை அறுபடுகிறது, பிடி நழுவும், நழுவியதை இறுக்கிப் பிடிப்போம். பாட்டிலின் அடிப்பாகமும் கழுத்தும் முழுசாகக் கிடக்கும், அவற்றை முதலில் எடுத்துவிடுங்கள்.

பிறகு அட்டைப் பெட்டியைக் கிழித்து இரண்டு கெட்டி அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றால் தள்ளி மற்றதில் ஏற்றி, மாவையும் சில்லையும் சேர்த்தே வாருங்கள். துடைப்பம் இந்தக் கட்டத்தில் கூடாது. பூந்துடைப்பத்தின் நாரில் எண்ணெயோடு சில்லு சிக்கிக்கொள்ளும், நாளைக்கு அதே துடைப்பம் பூஜை அறையிலும் படுக்கை அறையிலும் சில்லைத் தூவிக்கொண்டு போகும். அட்டையை வேலை முடிந்ததும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடலாம், அதுதான் வசதி.

ஃப்ரிட்ஜை முன்பக்கம் இழுக்கும் முன் அதன் கால் நிற்கிற வழியெல்லாம் மாவு தூவி வாரிவிடுங்கள், இரண்டு பேர் வேண்டும். சிலிண்டரை ஸ்டாண்டிலிருந்து தூக்கி வெளியே வையுங்கள், உருட்ட வேண்டாம். ஸ்டாண்டின் சக்கரத்தில் சில்லு ஒட்டினால் வீடு முழுக்கக் கோடு போடும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் தண்ணீர். அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு கரண்டி. துணியால் இல்லை, நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் தேய்த்து, ரப்பர் வைப்பரால் ஒரு மூலைக்குத் தள்ளி, அங்கே பழைய செய்தித்தாளைப் போட்டு உறிஞ்சவிடுங்கள். சமையலறை ஜாலியில் (தண்ணீர் போகும் துளைத் தட்டு) தள்ளினால் மாவும் எண்ணெயும் குழாயில் கட்டியாகும். இதே வேலை இன்னொரு முறை, பிறகு வெறும் தண்ணீர் ஒரு முறை. காய்ந்ததும் செய்தித்தாள் ஒன்றைத் தரையில் வைத்துக் காலால் அழுத்தி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தாள் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிற புள்ளி இருந்தால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது.

---

லாங்பஜார் கடைக்காரர்:

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். கோலமாவு தூவலாமா என்று கேட்பவர்கள் நிறைய. நம் பக்கம் கடையில் கிடைக்கும் கோலமாவு பெரும்பாலும் கல்மாவு. கல் எண்ணெயைக் குடிக்காது, மேலே பூசிக்கொள்ளும், அவ்வளவுதான். அரிசி மாவைவிட இரண்டு மடங்காவது வேண்டும். தவிர வெள்ளை கல்மாவில் வெள்ளைக் கண்ணாடிச் சில்லு கலந்தால் பிறகு தேடுவது கஷ்டம். வேறு எதுவும் இல்லாதபோது பயன்படுத்தலாம்.

சிலர் கொதிநீர் ஊற்றச் சொல்வார்கள். கொதிநீரில் எண்ணெய் இளகி இன்னும் மெல்லிய படலமாகப் பரவும், டைல்ஸ் இணைப்புக் கோட்டுக்குள் சில்லையும் தள்ளிவிடும். வெதுவெதுப்புக்கு மேல் தேவையில்லை.

பழைய வீடுகளில் சீயக்காய்த்தூள் போட்டுத் தேய்ப்பார்கள். நுரைத்து எண்ணெயை எடுக்கும், அதில் சந்தேகமில்லை. சிவப்பு ஆக்சைடு தரை, மொசைக் தரைக்குச் சரி. வெள்ளை டைல்ஸில் இணைப்புக் கோடு பழுப்பாகிவிடும், அதனால் உங்களுக்கு வேண்டாம்.

---

காட்பாடி மருமகள்:

மிக்க நன்றி இருவருக்கும். கோதுமை மாவு தூவி இரண்டு முறை வாரியாகிவிட்டது, பெரிய துண்டெல்லாம் தனியாக ஒரு பெட்டியில். லிக்விட் போட்டு ஒரு முறை தேய்த்தேன். இன்னும் சந்தேகம் மூன்று. ஒன்று, இனி சில்லே இல்லை என்று எப்படி உறுதி செய்வது? இரண்டு, இந்தப் பெட்டியை எங்கே போடுவது, குப்பை வண்டிக்காரர்களிடம் அப்படியே கொடுக்கலாமா? மூன்று, மேடையில் இட்லி மாவு மூடாமல் இருந்தது, பக்கத்தில் தண்ணீர்க் குடம். விழுந்த இடத்திலிருந்து நாலடி இருக்கும்.

---

பாலாற்றங்கரை:

இட்லி மாவைக் கொட்டிவிடுங்கள். குடத்துத் தண்ணீரையும் கொட்டி, குடத்தை இரண்டு தடவை அலசுங்கள், உள்ளே கைவிட்டுத் தேய்க்காமல். தலை உயரத்திலிருந்து விழுந்த பாட்டில் பக்கவாட்டில் மட்டும் சிதறாது, துள்ளி மேலேயும் எழும்பும். மேடை உயரத்துக்கு வரும். மூடாமல் இருந்த எதையும், ஊறவைத்த அரிசி, உப்பு ஜாடி, நறுக்கிய காய், வைத்துக்கொள்ள வேண்டாம்.

சில்லு தேட இருட்டு வேண்டும். ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வையுங்கள். மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. தரைமட்டத்தில் ஒளி ஓடும்போது ஒவ்வொரு சில்லும் மின்னும், நிழலும் நீளமாக விழும். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் போதாது, எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு தரம். விழுந்த இடத்திலிருந்து பத்தடி வரைக்கும் பாருங்கள். கதவுக்கு அடியில் இடுக்கு இருந்தால் ஹாலிலும் பாருங்கள். மிதியடி, கிரைண்டருக்கு அடி, கூடையில் இருக்கும் வெங்காயம், உருளைக்கிழங்கு இவற்றை மறந்துவிடுவார்கள். வெங்காயக் கூடையை ஒரு செய்தித்தாளில் கவிழ்த்துப் பாருங்கள்.

மின்னுவதை எடுக்கக் கெட்டியாகப் பிசைந்த கோதுமை மாவு உருண்டை. சப்பாத்தி மாவைவிடக் கெட்டி. கையுறையோடு ஒற்றி எடுங்கள், உருட்ட வேண்டாம், உருட்டினால் ஒட்டிய சில்லு உங்கள் பக்கம் வந்து சேரும். ஒற்றிய பக்கத்தை உள்ளே மடிக்காமல், புது உருண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் சுத்தமாகப் போன தரையில்தான் இது ஒட்டும். முதலிலேயே மாவு உருண்டை எடுத்தவர்கள் இது வேலைக்காகவில்லை என்று சொல்வது இதனால்தான். டைல்ஸ் இணைப்புக் கோட்டில் அகலமான பிரவுன் டேப்பை ஒட்டி அழுத்தி உரித்தால் கோட்டுக்குள் கிடப்பதும் வரும்.

கடைசியாக ஷூவின் அடி. வாசலுக்கு வெளியே போய்க் கழற்றி, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, அதையும் டார்ச்சில் பார்த்துவிட்டு உள்ளே கொண்டு வாருங்கள்.

குழந்தையை இன்றைக்கு அங்கே விட வேண்டாம். நாளை மறுபடி ஒரு முறை டார்ச் பார்த்துவிட்டு விடலாம். ஃப்ரிட்ஜ் அதிர்வில் அடியில் இருந்தது ஒன்றிரண்டு வெளியே வரும்.

---

தரம்பிரிப்புக் கூடம்:

பெட்டியைப் பற்றி நான் சொல்கிறேன். வேலூரில் வீட்டுக் குப்பையைத் தெருவிலும் கூடத்திலும் கையால்தான் பிரிக்கிறார்கள். கையுறை கொடுத்தாலும் மெல்லியது, வெயிலில் வியர்த்துக் கழற்றிவிடுவார்கள். கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்ட கண்ணாடி அவர்கள் விரலைத்தான் முதலில் தேடும். பை தெருவோரம் கிடந்தால் மாடு வாயை வைக்கும்.

பெரிய துண்டுகளைச் செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள், நாலைந்து தாள் கனம் இருக்கட்டும். சுற்றியதை அட்டைப் பெட்டியில் அடுக்கி, ஆடாமல் இடைவெளியில் தாளைக் கசக்கித் திணியுங்கள். பெட்டியின் எல்லா இணைப்பிலும் டேப் ஒட்டுங்கள், அடிப்பக்கத்திலும். மாவும் சில்லும் கலந்த குப்பையை பெயிண்ட் டப்பா, ஹார்லிக்ஸ் டப்பா மாதிரி கெட்டி பிளாஸ்டிக்கில் போட்டு மூடி இறுக்கி, மூடியையும் டேப்பால் ஒட்டுங்கள். அட்டையில் வைத்தால் எண்ணெய் ஊறி அடி பிய்ந்துவிடும். நாள் கணக்கில் வைத்திருக்க வேண்டாம், எறும்பு வரும், எலி வரும்.

மார்க்கரில் பெரிய எழுத்தில் ‘உடைந்த கண்ணாடி’ என்று நாலு பக்கமும் எழுதுங்கள். வண்டிக்காரர் விசில் ஊதும்போது கையில் கொடுத்து, வாயாலும் சொல்லுங்கள். எழுதியதைப் படிக்கிற நேரம் அவர்களுக்கு இருக்காது. மக்கும் குப்பைப் பச்சைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், அந்தக் குப்பைதான் உரக் குழிக்குப் போகிறது, அங்கேயும் கையால்தான் கிளறுகிறார்கள்.

பழைய இரும்புக் கடைக்கு முழு பாட்டில் போகும். உடைந்ததை வாங்க மாட்டார்கள், மூட்டையைத் தூக்குகிறவர் முதுகில் குத்தும்.

---

வார்டு சிஸ்டர்:

மாமியாருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அவருக்குச் சில்லு குத்தினால் வலிக்காது. மூன்று நாள் கழித்து பெட்ஷீட்டில் சீழ்க் கறை பார்த்துத்தான் தெரியவரும். அதனால் ஒரு வாரத்துக்கு தினமும் இரவு பாதத்தைக் கழுவித் துடைத்து, உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு எல்லாம் நீங்களே வெளிச்சத்தில் பாருங்கள். அவர் குனிந்து பார்க்க முடியாது, கண்ணும் மங்கலாக இருக்கலாம். சிவந்த புள்ளி, ரத்தத் துளி, சூடாக இருக்கும் இடம் எதுவானாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்குள் போட எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுங்கள். மேலே மெத்தென்ற நுண்துளை ரப்பர், அடியில் கெட்டி ரப்பர். உணர்ச்சியிழந்த கால்களுக்கு இந்த வகைச் செருப்பு பழக்கத்துக்கு வந்ததில் நம் ஊர் சி.எம்.சி.யிலும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் செய்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டுக்கென்று தனி ஜோடி வைத்தால் பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள். போடும் முன் உள்ளே கைவிட்டுப் பார்க்கிற பழக்கமும் வேண்டும்.

யாருக்காவது அறுத்துவிட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைகிற ரத்தம் மறுபடி பிய்ந்துகொள்ளும். மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு வைக்கக் கூடாது. தையல் போடும் முன் அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், அது காயத்தைவிட வலி. ஆழமாகக் குத்தி நிற்கும் துண்டைப் பிடுங்காதீர்கள், சுற்றிலும் துணியை அணைகட்டி அப்படியே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ சி.எம்.சி. அவசரப் பிரிவுக்கோ கொண்டு போங்கள். ரத்தம் நிற்காவிட்டால் 108. உள்ளே துண்டு இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே கேளுங்கள், ஓரளவு பெரிய கண்ணாடித் துண்டு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியும். டி.டி. ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கண்ணாடி என்று பேசுகிற இடத்தில் பாதரசத் தெர்மாமீட்டரையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வைத்தியத்துக்கு வந்து அறை எடுத்துத் தங்குகிறவர்கள் பையில் இன்னும் அது இருக்கிறது. உடைந்தால் மேலே எழுதிய மாவு முறை பொருந்தாது. உள்ளே இருப்பது அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை, ஆனால் பெருக்கினால் நூறு உருண்டையாகப் பிரிந்து ஒவ்வொன்றும் ஆவி விடும். வேலூர் வெயிலில் ஆவி இன்னும் வேகமாக வரும். குழந்தைகளை வெளியே அனுப்பி, அறைக் கதவைச் சாத்தி, வெளி ஜன்னலைத் திறந்து, ஃபேன், ஏ.சி. நிறுத்துங்கள். மோதிரம், வளையல் கழற்றுங்கள், பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டுக்கொண்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒன்றாகச் சேர்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, மூடியுள்ள பாட்டிலில் கொஞ்சம் தண்ணீருக்கு அடியில் விடுங்கள். மிச்சத்தை டேப்பால் ஒற்றுங்கள். அட்டை, டேப், சிரிஞ்ச், கையுறை எல்லாமே பையில் கட்டி அதே பாட்டிலோடு. வாக்குவம், துடைப்பம், வாஷிங் மெஷின், சிங்க் நான்கும் கூடாது. ஜன்னல் ஒரு நாள் முழுக்கத் திறந்திருக்கட்டும். பாதரசத் தெர்மாமீட்டரும் சி.எஃப்.எல். பல்பும் 2016 திடக்கழிவு விதிகளில் வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தப்பட்டவை, தனியாகச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

---

சத்துவாச்சாரி பேஸ்-2:

இதே சந்தேகம் ஆசிட் பாட்டிலுக்கும் வரும் என்பதால் சேர்க்கிறேன். பாத்ரூம் கழுவ வாங்கும் ஆசிட் பாட்டில் உடைந்தால் மாவு தூவக் கூடாது, பிளீச்சிங் பவுடர் தூவவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு, மூடிய பாத்ரூமில் மூச்சே விட முடியாது. ஏற்கெனவே பிளீச்சிங் போட்ட தரையில் ஆசிட் விழுந்திருந்தாலும் அதேதான், எதையும் எடுக்காமல் முதலில் வெளியே வந்துவிடுங்கள்.

பிளீச்சிங் இல்லாத இடமானால், ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆப்ப சோடாவை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். பொங்கும். பொங்குவது நிற்கும் வரைக்கும் தூவ வேண்டும், நுரை அடங்கி, புதிதாகப் போட்ட சோடாவும் அசையாமல் கிடந்தால் முடிந்தது. அதன் பிறகு கண்ணாடியை எடுக்கலாம், அப்போதும் ரப்பர் கையுறை உள்ளே, தோல் கையுறை மேலே. இன்வெர்ட்டர் பேட்டரி ஆசிட் சிந்தினாலும் சோடாதான். ஆனால் முதலில் இன்வெர்ட்டரை அணையுங்கள், சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் விடும், பக்கத்தில் தீக்குச்சி கிழிக்க வேண்டாம். தோலில் பட்டால் குழாயடியில் 20 நிமிடம். கண்ணில் பட்டாலும் 20 நிமிடம், இமையைத் திறந்து பிடித்தபடி, பிறகு நேராக ஆஸ்பத்திரி.

சமையலறை மேடை கடப்பா கல்லாக இருந்தால் அதன் மேல் ஆசிட் பாட்டிலை வைக்கவே வைக்காதீர்கள். கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை, ஆசிட் பட்ட இடம் பொங்கி வெளுத்துச் சொரசொரப்பாகிவிடும், சோடா தூவினாலும் அந்தப் பளபளப்பு திரும்ப வராது. கிரானைட் தாங்கும்.